பழைய பிக்கப்: சாவியைத் திருகினால் சில நேரம் ‘டக்’, சில நேரம் அதுவும் இல்லை

கேள்வி. ஜூன் 4, மாலை 6.20

என்னிடம் இருப்பது 22 ஆண்டுகள் ஓடிய டீசல் பிக்கப். கடந்த நான்கு மாதங்களாகச் சாவியைத் திருகினால் சில நேரம் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்கிறது, எஞ்சின் சுற்றுவதில்லை. சில நேரம் அந்தச் சத்தமும் இல்லை. ஐந்தாறு முறை திருகினால், ஒன்றுமே நடக்காதது போல் எடுத்துக்கொள்கிறது. பேட்டரியை மாற்றிவிட்டேன், டெர்மினல்களையும் மாற்றிவிட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோனேன். பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாகவே சுற்றியது. வண்டியைத் தள்ளிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. புது செல்ஃப் போடுவதுதான் ஒரே வழி என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில். ஜூன் 4, இரவு 9.05

வாங்காதீர்கள்.

விட்டு விட்டு வரும் கோளாறில் பெரிய தொல்லை, எந்தப் பொருளை மாற்றினாலும் அது சில நாள்களுக்குச் சரியானது போலவே தோன்றும் என்பதுதான். பேட்டரியை மாற்றிய பிறகு எத்தனை நாள் ஒழுங்காக ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாள்களில் பேட்டரிதான் காரணம் என்று நீங்கள் உறுதியாக நம்பியிருப்பீர்கள்.

இன்று முதல் ஒரு சிறு நோட்டை டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை சாவியைத் திருகும்போதும் நேரம், எஞ்சின் சூடா குளிரா, கேட்ட சத்தம் என்ன, அந்தக் கணத்தில் முகப்பு விளக்கு மங்கியதா இல்லையா என்ற நான்கையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதற்காக முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருகிப் பழகுங்கள். ‘டக்டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடித்துக்கொண்டு விளக்கும் துடித்தால், பேட்டரியோ அதன் தடித்த கேபிள்களோ போதுமான மின்சாரத்தைத் தரவில்லை. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, விளக்கு மங்காமல் நின்றால், மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை. ஒரே ‘டக்’ கேட்டு விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால், மோட்டார் மின்சாரத்தை இழுத்தும் சுற்ற முடியாமல் நிற்கிறது, அல்லது வழியில் எங்கோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் சாவியிலிருந்து சொலினாய்டு (செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்திருக்கும் காந்தச் சுவிட்ச்) வரை வரும் மெல்லிய வயரின் பக்கம் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, இரவு 9.50

தள்ளினால் எடுக்கிறது என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். அது நல்ல தகவல். டீசல் வருகிறது, பம்ப் வேலை செய்கிறது, எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது என்ற மூன்றும் அதிலேயே அடங்கிவிட்டன. எஞ்சினைச் சுற்றவைக்கும் மின்பாதை மட்டுமே மிச்சம்.

பெஞ்ச் சோதனையை நான் சாட்சியாக ஏற்கமாட்டேன். அங்கே மோட்டார் குளிர்ந்திருக்கிறது, எஞ்சினின் பாரம் இல்லை, பேட்டரியிலிருந்து சொலினாய்டின் சாவி முனைக்கும் தடித்த வயரில் நேரடியாகவே கொடுக்கிறார்கள். உங்கள் வண்டியில் இந்த மூன்றுமே வேறு.

ஜூன் 5, காலை 6.40

சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விட்டேன்.

செல்ஃப் மோட்டாரின் முதுகில் உருளை போல் உட்கார்ந்திருப்பது சொலினாய்டு. அதில் இரண்டு தடித்த போல்ட்டுகளும் ஒரு மெல்லிய முனையும் உண்டு. ஒரு போல்ட்டுக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கேபிள் வருகிறது. பல வண்டிகளில் அங்கே 30 என்ற எண் பொறித்திருக்கும். மற்ற போல்ட்டிலிருந்து குட்டையான செம்புப் பட்டை ஒன்று மோட்டாருக்குள் போகிறது. மெல்லிய முனைக்குச் சாவியிலிருந்து வயர் வருகிறது; அதன் எண் 50. இந்த எண்கள் ஜெர்மானியத் தரக் குறியீடான டின் 72552-இலிருந்து வந்தவை என்பதால், வேறு நாட்டு வண்டிகளிலும் காணப்படும்.

உள்ளே இருப்பது ஒரு சுருள் அல்ல, இரண்டு. ஒன்று பிளஞ்சரை (உள்ளே நகரும் இரும்புத் தண்டை) இழுக்கும் சுருள், மற்றது இழுத்ததைப் பிடித்து வைக்கும் சுருள். சாவியைத் திருகியதும் இரண்டும் சேர்ந்து பிளஞ்சரை இழுக்கின்றன. அதன் ஒரு முனை பற்சக்கரத்தை எஞ்சினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலை நோக்கித் தள்ளுகிறது, மறுமுனையில் உள்ள செம்புத் தட்டு இரண்டு தடித்த போல்ட்டுகளையும் இணைக்கிறது. அந்த ‘டக்’ இதுதான். இணைந்த கணத்தில் இழுக்கும் சுருளின் இரு முனையிலும் ஒரே வோல்ட் நிற்பதால் அதில் மின்சாரம் நின்றுவிடுகிறது. பிடிக்கும் சுருள் மட்டும் குறைந்த மின்சாரத்தில் வேலையைத் தொடர்கிறது. எனக்கு மின்னியல் கொஞ்சம்தான் தெரியும், ஆனாலும் இந்த அமைப்பைப் புரிந்துகொண்ட அன்று அதைச் செய்தவனை மனத்துக்குள் பாராட்டினேன்.

இழுக்கும் சுருளின் மறுமுனை எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதைக்கு, போவது மோட்டார் வழியாகத்தான் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஜூன் 5, பகல் 1.15

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் பிக்கப்பும் ஏறக்குறைய உங்கள் வண்டியின் வயதுதான். 14 மாதங்களில் இரண்டு பேட்டரி, ஒரு செல்ஃப் மோட்டார் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் நிம்மதி, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் காரணமாக நின்றது பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிள். வெளியிலிருந்து பார்த்தால் ரப்பர் உறை பளபளவென்று இருந்தது. கேபிள் முனையின் உலோக வளையமான லக்கை நசுக்கிப் பிடித்திருந்த இடத்தில் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது, உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாகிக் கிடந்தன.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் திரும்பி வராது. எர்த் கேபிள் கெட்டால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கம்பி என்று கிடைத்த உலோகத்தின் வழியாகத் திரும்பப் பார்க்கும். என் வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை உருகியிருந்ததை ஒரு வருடம் முன்பே பார்த்திருந்தேன். வெயிலில் உருகியது என்று முடிவு கட்டியிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் (டெர்மினலில் அல்ல, கம்பத்திலேயே), மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, மற்றொருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அதேபோல் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்துக்கும் 30-ஆம் போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் இரண்டுமே சுழியம்தான் காட்டும், அதனால் பயனில்லை. சுற்றும்போது 200 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே காணாமல் போகும். என் கேபிள் 3.4 வோல்ட்டைத் தின்றது.

ஜூன் 5, இரவு 10.30

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 3.4 அல்ல, 2.4. ஒவ்வொரு முறை இந்தக் கதையைச் சொல்லும்போதும் அது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது போலும். இன்னும் ஐந்தாண்டு போனால் 12 வோல்ட்டையும் அந்தக் கேபிளே தின்றதாகச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 7, காலை 8.00

சுத்தியலால் மோட்டாரைத் தட்டினால் எடுத்துக்கொள்ளும் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், பல நேரம் எடுக்கும். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், ஓர் இழை நகர்ந்து, சுழலும் செம்பு வளையமான காம்யூட்டேட்டரைத் தொடும், அல்லது சொலினாய்டின் செம்புத் தட்டு சற்றுத் திரும்பிப் புது இடத்தில் உட்காரும். தட்டியதால் எடுத்தது என்பது இரண்டில் எது என்று சொல்லாது. மேலும் சில மோட்டார்களில் சுருளுக்குப் பதிலாக நிலைக்காந்தங்கள் உடம்பின் உள்சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். அவை பீங்கான் போன்றவை, சுத்தியல் அடியில் விரிசல் விடும். அவசரத்தில் நடு வழியில் நின்றால் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி வீடு வந்து சேருங்கள். அதைச் சோதனை என்று அழைக்காதீர்கள்.

ஜூன் 9, மாலை 7.20

உங்கள் அளவுகளைப் பார்த்தேன். எர்த் பக்கம் 0.15, பாசிட்டிவ் பக்கம் 0.3, சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6, சுற்றும்போது 10.4, ஓடும்போது 14.1. இவற்றில் ஒன்றிலும் குறை சொல்ல இடமில்லை. எனக்கு வந்த நோயை உங்கள் வண்டிக்கும் ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு நோயிலிருந்து பிழைத்தவன் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அதே மருந்தைச் சொல்வானே, அதே புத்திதான்.

இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அளவுகள் அனைத்தும் வண்டி ஒழுங்காக எடுத்தபோது எடுக்கப்பட்டவை. எடுக்காத கணத்தில் அளந்தது ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று. 50-ஆம் முனையின் வயரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருகினேன், 12.4 வோல்ட் வந்தது, ஆகவே சாவிப் பக்கம் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய் வோல்ட்டாக இருக்கலாம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். அது மின்சாரத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. வயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் சொல்லும். அந்த இழையில் சொலினாய்டு கேட்கும் 30 ஆம்பியரை இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். வயரைக் கழற்றாமல், சொலினாய்டு மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஜூன் 10, இரவு 9.15

கோளாறு நடக்கும் கணத்தில் நாம் பானட்டுக்கு அடியில் இருக்க முடியாது. ஆகவே பானட்டுக்கு அடியில் இருப்பதை இருக்கைக்கு முன்னால் கொண்டுவர வேண்டும்.

மூன்று 12 வோல்ட், 5 வாட் பல்புகள் வாங்குங்கள். ஒவ்வொன்றின் ஒரு வயரையும் நல்ல எர்த்தில் இணையுங்கள். மறுவயரை முதல் பல்புக்கு 30-ஆம் போல்ட்டிலிருந்தும், இரண்டாவதற்கு 50-ஆம் முனையிலிருந்தும், மூன்றாவதற்கு மோட்டாருக்குள் போகும் பட்டையின் போல்ட்டிலிருந்தும் எடுத்து வாருங்கள். பல்புகளை டாஷ்போர்டின் மேல் வரிசையாக ஒட்டி, 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். 50-ஆம் முனையின் வயரைக் கழற்றாமல் அதனுடன் சேர்த்தே பல்பு வயரைப் பொருத்துங்கள். அப்போது சொலினாய்டு மின்சாரம் இழுக்கும்போது அங்கே உண்மையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறதோ அதற்கேற்பவே பல்பு எரியும்.

வண்டி ஒழுங்காக எடுக்கும்போது மூன்றும் எரியும். எடுக்காதபோது 2 எரியாவிட்டால் அல்லது மங்கினால் குற்றம் சாவி, கிளட்ச் சுவிட்ச், இடையில் உள்ள கனெக்டர்கள் என்ற பக்கத்தில். 2 பிரகாசமாக எரிந்து 3 எரியாவிட்டால் குற்றம் சொலினாய்டுக்குள். 2, 3 இரண்டும் எரிந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் குற்றம் மோட்டாருக்குள். முதல் பல்பு மற்ற நேரமும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கு ஒரு சுவிட்ச் வையுங்கள்.

ஜூன் 11, காலை 6.10

மூன்று வயர்களிலும் அவை தொடங்கும் இடத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். இதை நேற்றே சொல்லாதது என் தவறு. 30-ஆம் போல்ட் எந்த ஃபியூஸுக்கும் உட்படாதது; அதிலிருந்து வரும் மெல்லிய வயர் எங்காவது உரசி உடம்பைத் தொட்டால் வயர் முழுவதும் தீப்பிடிக்கும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுதான்.

ஜூன் 12, இரவு 11.00

முந்தாநாள் எழுதியதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. 3 எரிந்தால் செம்புத் தட்டு இணைந்துவிட்டது என்று நான் கருதியிருந்தேன். இழுக்கும் சுருளின் மறுமுனை எர்த்துக்குப் போவது மோட்டார் வழியாக என்று 5-ஆம் தேதி எழுதியதும் நான்தான், அதை மறந்ததும் நான்தான்.

பிரஷ் காம்யூட்டேட்டரைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் சுருளுக்கு எர்த் கிடைக்காது, பிளஞ்சர் நகராது, ‘டக்’ வராது. ஆனால் சாவியிலிருந்து வரும் மின்சாரம் அந்தச் சுருளின் வழியாக மூன்றாவது பல்புக்கு வந்து அதை நன்றாகவே எரியவைக்கும். ஆகவே சத்தமே இல்லாமல் 2, 3 இரண்டும் எரிந்தால் சாவியைக் குறை சொல்லாதீர்கள், பிரஷைப் பாருங்கள். சத்தம் இல்லாவிட்டால் சாவிப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முதல் நாள் இரவு நான் சொன்னதும் இதனால் பாதி உண்மைதான்.

ஜூன் 19, இரவு 8.40

எட்டு நாளில் 48 முறை. அதில் 6 முறை எடுக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆறில் ஐந்து முறை, எஞ்சின் சூடாக நின்று பத்து நிமிடம் கழித்து எடுக்கும்போது. 1 பிரகாசம், 2 மங்கல், 3 இருள்; சத்தம் இல்லை, அல்லது தொண்டை கட்டியது போல் ஒரு மெல்லிய ‘டொக்’. ஆறாவது ஒரு குளிர்ந்த காலையில். அதில் 2 பிரகாசம், 3 இருள், ‘டக்’ பலமாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒன்று மற்றவற்றோடு பொருந்தவில்லை. தூக்கக் கலக்கத்தில் தவறாகப் பார்த்திருக்கலாம், விட்டுவிடுவோம்.

ஐந்து முறை மங்கிய இரண்டாவது பல்பைப் பிடித்துக்கொள்வோம். சூடாக இருக்கும்போது மீட்டரையும் வைத்து, பேட்டரியிலிருந்து 50-ஆம் முனை வரை ஒவ்வொரு துண்டாக இழப்பை அளந்து எழுதுங்கள்.

ஜூன் 20, மாலை 5.30

அளவுகள் வந்துவிட்டன. திருகிய கணத்தில் பேட்டரியில் 12.1, 50-ஆம் முனையில் 6.9. இடையில் 5.2 வோல்ட் காணவில்லை. சாவி சுவிட்சுக்கு வரும் வழியில் 0.4, சாவி சுவிட்சுக்குள் 3.6, கிளட்ச் சுவிட்சில் 0.2, எஞ்சின் பக்கத்துக் கனெக்டரில் 1.0. கூட்டினால் சரியாக வருகிறது. அப்படி வந்தால்தான் அளந்தது சரி.

பல சொலினாய்டுகள் 8 வோல்ட்டாவது வந்தால்தான் உறுதியாக இழுக்கும். 6.9 என்பது தயவில் ஓடும் வாழ்க்கை.

சூட்டில் மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த சுருள், எஞ்சின் சூட்டில் ஊறி 100 டிகிரிக்குப் போனால் தடை 26 சதவீதம் அளவுக்கு ஏறுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: சுருளின் தடை கூடும்போது 50-ஆம் முனையில் வோல்ட் சற்று அதிகமாகவே தெரியும், ஆனால் பாயும் ஆம்பியர் குறையும். பிளஞ்சரை இழுப்பது ஆம்பியர்தான். குளிரில் தட்டுத்தடுமாறி இழுத்த சொலினாய்டு சூட்டில் கைவிரிக்கிறது.

சாவி சுவிட்சைக் கழற்றி ஓம் மீட்டரில் பார்த்தேன், தடை எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். 20 ஆம்பியர் பாயும்போது 3.6 வோல்ட் இழப்பு என்றால் தடை 0.18 ஓம். உங்கள் மீட்டரின் வயர்களே ஏறக்குறைய அவ்வளவு காட்டும். இந்த வேலைக்கு ஓம் அளவீடு உதவாது.

அந்தச் சுவிட்ச் கெடுவதற்குக் காரணம் உண்டு. சாவியை விடும் ஒவ்வொரு முறையும் சொலினாய்டுச் சுருளில் நின்ற காந்தம் சரிந்து, சாவியின் செம்பு முனைகளுக்கு இடையே ஒரு பொறியைத் தட்டிவிட்டுப் போகிறது. 22 ஆண்டுகள், ஒரு நாளைக்கு ஆறு முறை. கணக்குப் போட்டால் 48,000 பொறிகளுக்கு மேல்.

ஜூன் 21, காலை 7.00

கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) போடுங்கள். 30 ஆம்பியருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள், 40 ஆம்பியர் இன்னும் நல்லது. ரிலேயின் 30-ஆம் காலுக்குப் பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், நடுவில் 30 ஆம்பியர் ஃபியூஸ், 87-ஆம் காலிலிருந்து சொலினாய்டின் 50-ஆம் முனைக்கு அதே தடிமனில் வயர், இதுவரை 50-ஆம் முனைக்கு வந்துகொண்டிருந்த பழைய வயர் இப்போது 86-ஆம் காலுக்கு, 85 எர்த்துக்கு. சாவி சுவிட்ச் இனிமேல் ரிலேயின் சிறு சுருளை மட்டும் இயக்கும். அதற்குக் கால் ஆம்பியருக்கும் குறைவாகவே போதும். கிளட்ச் சுவிட்சை விலக்கிவிடாதீர்கள், அது பழைய வயரில் அப்படியே இருக்கட்டும். கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருகியதும் பாயாமல் காப்பது அதுதான்.

ஜூன் 22, இரவு 9.30

ரிலே போட்டு 50-ஆம் முனையில் 11.6 வருகிறது என்றீர்கள். நல்லது. ஆனாலும் நேற்றிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. ரிலே நோயைக் குணப்படுத்தவில்லை, சுற்றுவழி போட்டுக் கொடுத்திருக்கிறது. ஹீட்டர் பிளக் போலச் சாவி வழியாகப் போகும் மற்றவை அதே தேய்ந்த சுவிட்சில்தான் ஓடுகின்றன. கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் சுவிட்சின் பின்பகுதியையும் மாற்றிவிடுங்கள். பல வண்டிகளில் பூட்டைத் தொடாமல் அதை மட்டும் தனியாக மாற்ற முடியும்.

ஜூன் 26, பகல் 12.10

தொடர்ந்து 10 முறை எடுத்துவிட்டது, முடிந்தது என்று கொண்டாடுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். முன்பு 48-க்கு 6, அதாவது எட்டுக்கு ஒன்று. ரிலேயே போடாமல் இருந்தாலும் 10 முறை தொடர்ந்து எடுத்திருக்க 26 சதவீத வாய்ப்பு உண்டு. 24 முறை தவறாமல் எடுத்தால் அந்த வாய்ப்பு 4 சதவீதமாகக் குறையும். அதன் பிறகு கொண்டாடலாம். இரண்டு பேட்டரி வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 27, காலை 6.50

நேற்றைய கணக்கு தவறு. எல்லாத் திருகலும் சமம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். 48-இல் எஞ்சின் சூடாக இருக்கும்போது திருகியது 15 முறை. அதில் எடுக்காதது 5. சூட்டில் மூன்றுக்கு ஒன்று. ஆகவே சூட்டில் 8 முறை தொடர்ந்து எடுத்தாலே அதே 4 சதவீதம் வந்துவிடும். காலையில் குளிரில் எத்தனை முறை எடுத்தாலும் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. வேண்டுமென்றே ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பத்து நிமிடம் நிறுத்தி எடுங்கள்.

ஜூலை 6, காலை 8.25

உங்கள் குறிப்பைப் பார்த்தேன். சூட்டில் 19 முறை தவறாமல் எடுத்தது. இன்று காலை குளிரில், பல்பு 2 பிரகாசமாக எரிய, 3 இருளாக, பலமான ‘டக்’ மட்டும் கேட்டது. முகப்பு விளக்கு மங்கவில்லை.

ஜூன் 19-ஆம் தேதி நான் தள்ளிவிட்ட ஆறாவது குறிப்பு இதேதான். நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். தூக்கக் கலக்கம் எனக்கு. ஐந்து குறிப்புகள் ஒரே பக்கம் கை காட்டியதும் ஆறாவதைக் குப்பையில் போட்டேன். கோளாறு ஒன்றுதான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே வைத்துக்கொண்டது. ‘டக்’ என்ற சத்தமும் சத்தமே இல்லாததும் இரண்டு வேறு நோய்கள் என்று உங்கள் முதல் கேள்வியிலேயே எழுதியிருந்தது.

இது சொலினாய்டின் உள்ளே. பிளஞ்சர் முழு வேகத்தில் அடிக்கிறது, செம்புத் தட்டு இணைக்கவில்லை. ஐந்தாறு முறை திருகினால் எடுப்பதும் இதற்குப் பொருந்தும்: ஒவ்வொரு அடியிலும் தட்டு சிறிது திரும்பி உட்காரும்.

ஜூலை 9, இரவு 9.00

சொலினாய்டைத் திறந்து நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டரிப் பக்கத்துச் செம்பு முனை பாதிக்கு மேல் தின்னப்பட்டிருக்கிறது, மோட்டார் பக்கத்து முனை ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. பிளஞ்சர் தட்டு நல்ல பக்கத்தில் முட்டி நின்றுவிடுகிறது. தேய்ந்த பக்கத்தில் ஒரு காகிதத் தடிமன் இடைவெளி. இரண்டு முனைகளையும் பிளஞ்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய தட்டில் விழுந்த பள்ளம் புதுச் செம்பையும் சீக்கிரம் தின்றுவிடும். செல்ஃப் மோட்டார் வெளியே இருக்கும்போதே பிரஷ்களின் நீளத்தையும் பாருங்கள்.

புது செல்ஃப் வாங்கச் சொன்னவர்கள் பாதி சரி என்று இப்போது ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். புது செல்ஃபில் புதுச் செம்பு முனைகள் இருந்திருக்கும், இந்த ‘டக்’ போயிருக்கும். சாவியின் 3.6 வோல்ட் அப்படியே இருந்து, சூட்டில் மீண்டும் நின்றிருக்கும். புது மோட்டாரையும் திட்டிக்கொண்டு என் 14 மாதக் கதையை நீங்களும் ஆரம்பித்திருப்பீர்கள்.

ஜூலை 10, காலை 6.30

மாட்டும்போது ஒன்று. 30-ஆம் போல்ட்டின் வெளி நட்டை இறுக்கும்போது, அதன் அடியில் இருக்கும் நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இறுக்கினால் போல்ட்டோடு உள்ளே இருக்கும் செம்பு முனையும் சேர்ந்து திரும்பிக் கோணலாக உட்காரும். பிறகு தட்டு ஒரு மூலையில் மட்டும் தொடும். எனக்கு மாட்டிக்கொடுத்தவர் அந்த நட்டைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 24, மாலை 6.05

சூட்டிலும் குளிரிலுமாக 80 முறைக்கு மேல், ஒன்றும் தவறவில்லை. பல்புகளைக் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றலாம். என்னுடையவை ஆறு ஆண்டுகளாக டாஷ்போர்டிலேயே இருக்கின்றன. மூன்றாவது போன மழைக்காலத்தில் ஃபியூஸ் ஆனது, இன்னும் மாற்றவில்லை.